தோள் ஜவ்வும் ஸ்டெம் செல் ஊசியும்

தோள் ஜவ்வு கிழிந்தால் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டுச் சரியாக்கிவிடலாமாமே, உண்மையா என்று கேட்டு, குலசேகரம், திருவட்டாறு, அருமனை என்று குமரி மாவட்டத்தின் மேற்கிலிருந்து எனக்குப் போன் வந்துகொண்டே இருக்கிறது. நான் டாக்டர் இல்லை. தக்கலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். அண்ணனை அந்த ஊசி போடக் கூட்டிக்கொண்டு போனவன், போடாமலே திரும்பக் கூட்டிவந்துவிட்டான் என்று சொந்தபந்தத்தில் ஒரு பேச்சு. அதுதான் எனக்கிருக்கும் ஒரே தகுதி. கேட்கிறவர்களில் சிலர் முன்பணம் கட்டிவிட்டுத்தான் கேட்கிறார்கள். போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று உட்கார்ந்தேன்.

தோளை வைத்துப் பிழைக்கிறவர்கள் நம் மாவட்டத்தில் அதிகம். கடலோரத்தில் வலை இழுக்கிறவர்கள், மீன் கூடையைத் தூக்கித் தலைக்கு ஏற்றுகிற பெண்கள், தென்னை ஏறுகிறவர்கள், மிச்சமிருக்கும் கொஞ்சம் பனையேறிகள், மேற்கே ரப்பர் வெட்டுகிறவர்கள். ஐம்பதைத் தாண்டிய யாரையாவது நிறுத்தி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொல்லுங்கள். ஒரு கை பாதியில் நிற்கும், முகம் ஒருபக்கம் கோணும்.

அண்ணன் ரப்பர் வெட்டுக்காரர். ரப்பர் வெட்டைப் பார்த்திராதவர்கள் மரத்தில் கோடு கிழிக்கிற சின்ன வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு மரத்துக்குக் குறையாது. ஒவ்வொன்றிலும் காய்ந்துபோன ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, பழைய வெட்டை ஒட்டி மெல்லிசாகப் பட்டையைச் சீவி, சிரட்டையைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததற்கு நகர வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போய்த் தடியைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது, முதலாளி ஏசுவார். ஆகவே அது பலத்தால் செய்கிற வேலை இல்லை. கையை அடக்கி, ஒரே சீராக இழுக்கிற வேலை. அப்படி அடக்குவது தோள்தான்.

இளமரத்தில் வெட்டு கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே போகும், முதுகுதான் வலிக்கும். கீழ்ப்பட்டை இரண்டு பக்கமும் தீர்ந்துபோன வயசான மரத்தில் கதை வேறு. நீளக் காம்பு போட்ட கத்தியால், அண்ணாந்து பார்த்து, தலைக்கு மேலே வெட்ட வேண்டும். அண்ணன் வெட்டும் தோட்டம் முழுக்கக் கிழட்டு மரங்கள். ரப்பர் விலை இருக்கிற இருப்பில் முதலாளி மறுநடவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். ஆக, பொழுது விடியும் முன்பே ஆரம்பித்து, முந்நூறு தடவைக்கு மேல், கையைத் தோளுக்கு மேலே வைத்து வேலை. அண்ணனுக்கு 58 வயது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக இதைத்தான் செய்கிறார்.

வலி ஒரே நாளில் வரவில்லை. முதலில் ராத்திரி வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. பிறகு தலை சீவுவதை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். சட்டை போடும்போது வலது கையை முதலில் நுழைத்துவிட்டு, பிறகு சட்டையை இழுத்து இடது பக்கம் கொண்டுவருவார். அதை முதலில் கவனித்தது மைனி, அண்ணன் மனைவிதான். கேட்டதற்கு, “வாய்வாக்கும், போயிரும்” என்றாராம்.

முதலில் போனது ஆசானிடம். குமரி மாவட்டத்தில் அடிபட்டாலும் சுளுக்கினாலும் வர்ம ஆசானிடம் போவதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று ஆசான்கள் கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் நான் தலையிடவில்லை. எண்ணெய் போட்டுத் தடவி, கட்டுக் கட்டி, கை அசையக் கூடாது, வேலைக்குப் போகக் கூடாது என்றார். கிழிந்த ஜவ்வை எண்ணெய் ஒட்டும் என்று நான் நம்பவில்லை. கிழிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் கையைப் பிடித்து இழுத்து முறுக்குகிற ஆட்களிடம் தோளைக் கொடுக்கவே கூடாது. ஆனால் இந்த ஆசான் இழுக்கவில்லை, முறுக்கவில்லை. அவர் கட்டுக் கட்டிவிட்டார் என்றால் வீட்டிலும் தோட்டத்திலும் யாரும் அண்ணனை ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்கவில்லை. பின்னால் எம்.பி.பி.எஸ். படித்தவர் ஓய்வு எடுக்கச் சொன்னபோது அந்த மரியாதை கிடைக்கவில்லை. கட்டு இருந்தவரை வலி குறைந்தது. அவிழ்த்துவிட்டு மேல்வெட்டுக்குப் போனதும் திரும்ப வந்தது.

பிறகு நாகர்கோவிலில் எலும்பு டாக்டர், எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். தோள் மூட்டைச் சுற்றி நான்கு தசைகள் இருக்கின்றன. நான்கின் நாண்களும் (நாம் ஜவ்வு என்று சொல்வது இதைத்தான்) சேர்ந்து மேற்கை எலும்பின் தலையை ஒரு உறையாகப் பிடித்துக்கொள்கின்றன. ரொட்டேட்டர் கஃப் என்பது அதுதான். நான்கில் மேலே இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸ்தான் அதிகம் கிழிவது. கையைத் தூக்கும்போது மேலே இருக்கும் எலும்பு விளிம்புக்கும் கீழே எலும்புத் தலைக்கும் நடுவில் அது அகப்பட்டுக்கொள்கிறது. போதாததற்கு, எலும்பில் ஒட்டுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அதற்கு ரத்த ஓட்டமும் குறைவு. அண்ணனுக்கு அந்த நாணில் முழுக் கனத்துக்கும் போன கிழிசல். ஆனால் அகலம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. தசை சுருங்கவில்லை, கொழுப்பாக மாறவில்லை. ரிப்போர்ட்டில் இருந்ததிலேயே நல்ல செய்தி அந்தக் கடைசி வரி என்றார் டாக்டர். தசை கொழுப்பேறிப் போய்விட்டால் நாணைத் தைத்தும் பெரிய பலன் இருக்காதாம்.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை நான் வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1995-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு. தோளில் எந்த வலியும் இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூன்றில் ஒருவருக்குக் கிழிசல் இருந்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கு மேல், 54 சதவீதம் பேருக்கு. வலியே இல்லாமல்! ஆக, ரிப்போர்ட்டில் கிழிசல் என்று இருப்பதும் வலிக்கு அதுதான் காரணம் என்பதும் ஒன்றல்ல. கிழிசல் ஒட்டினால்தான் வலி போகும் என்பதும் இல்லை. ஸ்கேன் சென்டர் வாசலில் கவரைப் பிரித்து, ‘டியர்’ (கிழிசல்) என்ற வார்த்தையைப் பார்த்ததும் தலையில் கைவைக்கிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

டாக்டர் சொன்னது இதுதான்: மூன்று மாதம் உடற்பயிற்சி, தலைக்கு மேலே வேலை கூடாது, சர்க்கரையைக் கட்டுக்குள் வை. சரியாகவில்லை என்றால் துளைவழி ஆபரேஷன் செய்து நாணை எலும்போடு தைக்கலாம். தைத்தால் நாலு முதல் ஆறு வாரம் கை கழுத்தில் மாட்டிய தொட்டிலில். மேல்வேலைக்குத் திரும்ப ஆறு மாதமாவது ஆகும். அண்ணன் ஆபரேஷனுக்குப் பயப்படவில்லை. மாதக் கணக்கைக் கேட்டதும்தான் முகம் மாறியது. மகள் நர்சிங் மூன்றாம் வருஷம்.

“மூணு மாசம் சும்மா இருந்தா பிள்ளைக்கு பீஸ் யாருடே கட்டுவா?”

அந்த நேரத்தில்தான் வாட்சப்பில் அந்தப் படம் வந்தது. கத்தி இல்லை, தையல் இல்லை, ஓய்வு இல்லை. உங்கள் உடம்பின் சொந்த ஸ்டெம் செல்லே கிழிந்த ஜவ்வைப் புதிதாக வளர்க்கும். கூடவே ஒரு கிரிக்கெட் வீரரின் நிழல்படம். அண்ணன் மூன்றாவது விஷயத்தை மட்டும்தான் படித்தார்: ஓய்வு இல்லை.

நெய்யூரில் மிஷன் வைத்தியம் 1838-லேயே தொடங்கிவிட்டது. எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல், 1922-இல் நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டன் வேலையை வேண்டாம் என்று சொல்லி இங்கேயே டாக்டராக இருந்தவர். ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் நம் ஆட்கள் அவ்வளவு பழக்கப்பட்டவர்கள். புதுசாக ஒன்று வந்திருக்கிறது என்றால், திருவனந்தபுரமானாலும் அதைத் தாண்டியானாலும் வண்டி பிடித்துப் போவோம். நாங்களும் போனோம். ஊர் பெயரும் கிளினிக் பெயரும் வேண்டாம்.

கிளினிக் குளிர்ச்சியாக இருந்தது. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ‘கவுன்சிலர்’ என்று ஒரு பெண் பேசினார். நல்ல பிள்ளை, பொறுமையாகப் பேசினார். ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை, கவரைத் தொட்டுப் பார்த்து மேசை ஓரத்தில் வைத்தார். ஒரு லட்சத்துக்கு மேல் ஒரு தொகை சொன்னார், மூன்று தவணை ஊசி. பிறகு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த லேபைக் காட்டினார். என்னை அங்கே கூட்டிப்போகாமல் இருந்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேனோ என்னவோ.

மேசை மேல் ஒரு சென்ட்ரிஃபியூஜ், ரத்தக் குழாயை வேகமாகச் சுற்றிப் பிரிக்கிற மெஷின். நான் தினமும் காலை ஏழு மணிக்கு ஆன் பண்ணுகிற அதே ஜாதி. அதிலிருந்து எடுத்த ஒரு குழாயை ஸ்டாண்டில் வைத்திருந்தார்கள். அடியில் கருஞ்சிவப்பாக ரத்தச் சிவப்பணுக்கள், அதன் மேலே நகக்கண் அளவு வெள்ளைப் படலம், அதற்கு மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா. நம் யார் கையில் ரத்தம் எடுத்துச் சுற்றினாலும் இப்படித்தான் பிரியும். அந்தப் படலத்தையும் அதை ஒட்டிய பிளாஸ்மாவையும் உறிஞ்சி எடுத்தால் அதில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) அதிகம் இருக்கும். அதைத்தான் பி.ஆர்.பி. என்கிறார்கள். தட்டணுக்கள் காயம் ஆறுவதற்கு வேண்டிய வளர்ச்சிக் காரணிகளை வெளிவிடுகின்றன. ஆகவே அதைக் கிழிந்த இடத்தில் போட்டுப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. சில ஆய்வில் பலன் தெரிந்திருக்கிறது, சில ஆய்வில் உப்புத் தண்ணீர் ஊசிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அது வேறு விவாதம். ஆனால் அது ஸ்டெம் செல் இல்லை. கைநரம்பில் ஓடும் ரத்தத்தில், ஜவ்வு வைத்தியத்துக்குப் பேசப்படுகிற அந்த வகைச் செல் கிட்டத்தட்டக் கிடையாது.

“இதுல ஸ்டெம் செல் எதும்மா?” என்று கேட்டேன்.

மஞ்சள் பகுதியைக் காட்டினார்.

“எத்தனை செல் போகுதுன்னு எண்ணி ரிப்போர்ட் தருவீங்களா?”

“அது இன்டர்னல் சார்.”

எங்கள் லேபில் முந்நூறு ரூபாய் டெஸ்டுக்கே எண்ணிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம்.

திரும்பி வரும் வழியில் அண்ணன் என்னோடு பேசவில்லை. களியக்காவிளை தாண்டி டீ குடிக்க இறங்கினபோதுதான், “நீ சண்டை பிடிக்கதுக்கா வந்தா?” என்றார். நான் சண்டையெல்லாம் போடவில்லை. ஆனால் அவர் கோபம் எனக்குப் புரிந்தது. ஓய்வு இல்லாத ஒரு வைத்தியத்தை நான் அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

அதனால், உண்மையான ஸ்டெம் செல் வைத்தியம் என்று ஒன்று இருக்கிறதா, அதை நல்ல இடத்தில் போட்டால் அண்ணனின் மாதங்கள் மிச்சமாகுமா என்று படிக்கத் தொடங்கினேன். இருக்கிறது. அங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

இதில் பேசப்படுவது மீசென்கைமல் ஸ்டெம் செல்கள். எலும்பு மஜ்ஜையிலும் கொழுப்பிலும் இருப்பவை. ஆய்வுக்கூடத் தட்டில் தகுந்தபடி வளர்த்தால் எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாறக்கூடியவை. அதனால் தோளில் போட்டால் நாணாக மாறும் என்று முதலில் எதிர்பார்த்தார்கள். உடம்புக்குள் அவை பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. கொஞ்ச காலம் இருந்து, சுற்றியிருக்கும் செல்களுக்குச் சைகைப் பொருள்களை விடுகின்றன, அழற்சியைத் தணிக்கின்றன, பிறகு மறைந்துவிடுகின்றன. 1991-இல் அந்தப் பெயரை வைத்த அமெரிக்க விஞ்ஞானி ஆர்னால்ட் கேப்லனே 2017-இல், இனிமேல் இவற்றை ஸ்டெம் செல் என்று அழைக்க வேண்டாம் என்று கட்டுரை எழுதினார். நம் ஊர் விளம்பரத்துக்கு அந்தக் கட்டுரை இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்து எண்ணிக்கை, என் தொழில் சம்பந்தப்பட்ட இடம். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்தால், அதில் உட்கருவுள்ள ஒரு லட்சம் செல்லில் இந்த வகை ஒன்றிலிருந்து பத்து வரைதான் இருக்கும். சென்ட்ரிஃபியூஜில் செறிவூட்டினாலும் மிச்சம் எல்லாம் வேறு செல்கள். சியோலில் 2018-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், பகுதிக் கிழிசல் உள்ளவர்களுக்குக் கொழுப்பிலிருந்து எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களை நாணுக்குள்ளேயே போட்டார்கள். அதிக அளவு டோஸ் பத்துக் கோடி செல். வலி குறைந்தது, கிழிசலும் சுருங்கியது. நல்ல செய்திதான். ஆனால் மொத்த நோயாளிகள் இருபதுக்கும் குறைவு. ஊசி போடாத குழு என்று ஒப்பிட ஒன்று இல்லை. அப்படி வளர்ப்பதற்கு வாரக்கணக்கில் ஆகும், மருந்துத் தொழிற்சாலைத் தரத்தில் லேப் வேண்டும். காலையில் ரத்தம் எடுத்து டீ குடித்து முடிப்பதற்குள் ஊசி தயார் என்றால் அது இந்த வைத்தியம் இல்லை.

பெரிய ஆதாரமாக எல்லோரும் காட்டுவது 2014-இல் பாரிஸ் பக்கத்திலிருந்து ஹெர்னிகூ குழு வெளியிட்ட ஆய்வு. 45 பேருக்கு நாணைத் தைக்கும்போது மஜ்ஜைச் செறிவையும் சேர்த்துப் போட்டார்கள். அதேபோன்ற கிழிசல் உள்ள 45 பேருக்கு வெறும் தையல். ஆறு மாதத்தில் முதல் குழுவில் எல்லோருக்கும் ஒட்டியிருந்தது, இரண்டாவதில் 67 சதவீதம் பேருக்கு. பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது ஒட்டு நிலைத்திருந்தது முதல் குழுவில் 87 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 44. மறுபடி கிழிந்தவர்கள் குறைவான செல் கிடைத்தவர்கள் என்பதையும் எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு இல்லை என்றாலும் எண்கள் அசைக்கத்தான் செய்கின்றன. தையல் போட்ட பிறகும் நாண் எலும்பில் பழையபடி ஒட்டுவதில்லை. இயற்கையில் நாண், குருத்து, சுண்ணம் ஏறிய குருத்து, எலும்பு என்று நான்கு படியாக இருக்கிற சந்திப்பு, ஆறும்போது வெறும் தழும்பாகத்தான் ஆறுகிறது. அதனால்தான் மறுபடி கிழிகிறது. அந்த இடத்தில் செல்கள் உதவக்கூடும் என்பது நம்பத்தகுந்த எதிர்பார்ப்பு.

ஆனால் விளம்பரத்தில் இந்த ஆய்வைக் காட்டுகிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. அந்த 45 பேருக்கும் ஆபரேஷன் நடந்தது. தையலுக்குக் கூடுதலாகத்தான் செல், தையலுக்குப் பதிலாக இல்லை. அவர்களுக்கும் கை தொட்டிலில்தான் இருந்தது, அவர்களும் மாதக்கணக்கில் பயிற்சி செய்தார்கள். முழுக்க அறுந்து எலும்பை விட்டு விலகிப்போன நாணுக்கு வெறும் ஊசி போடுவது, கயிறு அறுந்து கிணற்றுக்குள் விழுந்த பிறகு கப்பிக்கு எண்ணெய் விடுவது மாதிரி.

ஆக, எனக்குக் கிடைத்த விடை இது. நல்ல இடத்தில், எண்ணி, வளர்த்துப் போட்டாலும் இந்தச் செல்கள் நாளைக் குறைப்பதாக யாரும் காட்டவில்லை. அவை கொடுக்கக்கூடியது ஒருவேளை கொஞ்சம் உறுதியான ஒட்டு. அண்ணன் வாங்கப் போனதோ மூன்று மாதத்தை. அது எந்த ஊசியிலும் இல்லை. கூலிக்காரர்களிடம் விற்கப்படுவது செல் இல்லை, ஓய்வு எடுக்க வேண்டியதில்லை என்கிற வாக்குறுதி. சொந்தக் கடை வைத்திருப்பவரோ மாதச் சம்பளக்காரரோ இதில் சுலபமாக விழுவதில்லை. ஓய்வு எடுத்தால் அடுப்பு எரியாதவர்தான் விழுகிறார். இ.எஸ்.ஐ. இருப்பவர்களுக்கு நோயில் கிடந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். நாலு ஏக்கர் தோட்டத்தில் மரக் கணக்குக்கு வெட்டுகிறவருக்கு அது எங்கே? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளும், வராத கூலியைத் தராது. தோள் வைத்தியத்தைப் பற்றிப் பேசும் யாரும் இதைப் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது: ரத்தப் புற்றுநோய் மாதிரியான ரத்த நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்றுதான் ஏற்கப்பட்ட வைத்தியம்; மற்றதெல்லாம் அனுமதி வாங்கிய ஆய்வாக மட்டுமே நடக்கலாம். அதற்குப் பிறகு பெங்களூரில் உருவாக்கிய ஒரு செல் மருந்து முழங்கால் தேய்மானத்துக்கு அனுமதி வாங்கி 2022-இல் வந்திருக்கிறது. முழங்காலுக்கு வந்ததைக் காட்டித் தோளுக்கு விற்பார்கள், கவனம். உண்மையான ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யில் பதிவு எண் இருக்கும். 2009-லிருந்து அது கட்டாயம். நெட்டில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். அப்படி ஆய்வில் சேர்கிறவரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. லட்சம் கேட்கிறவர் ஆய்வு நடத்தவில்லை, கடை நடத்துகிறார்.

பலன் இல்லாவிட்டாலும் பாதகம் இல்லையே என்று ஒருவர் கேட்டார். 2018-இல் அமெரிக்காவில் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்த பொருளை மூட்டிலும் முதுகிலும் ஊசியாகப் போட்டுக்கொண்ட 12 பேர் பாக்டீரியா தொற்றோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மூட்டுக்குள் கிருமி போனால் அது சளிக்காய்ச்சல் மாதிரிப் போய்விடாது. இன்னொரு பாதகம், காலம். விழுந்தோ, வண்டியில் அடிபட்டோ, நேற்று வரை நன்றாக இருந்த கை இன்று தூக்க முடியவில்லை என்றால், அதுவும் வயசு குறைந்தவராக இருந்தால், அவர் ஊசி, எண்ணெய், பயிற்சி என்று எதிலும் மாதங்களைக் கழிக்கக் கூடாது. உடனே எலும்பு டாக்டரிடம் போக வேண்டும். நாண் உள்ளே சுருங்கி, தசை கொழுப்பேறிய பிறகு தைக்க ஒன்றும் இருக்காது. நான் சொல்லும் அண்ணன் கதை அந்த மாதிரிக் கைக்குப் பொருந்தாது.

அண்ணனுடையது தேய்ந்து தேய்ந்து வந்த கிழிசல். அதற்கு 2013-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு இருக்கிறது: இப்படி அடிபடாமல் வந்த முழுக் கனக் கிழிசல் உள்ள 452 பேருக்கு முதலில் உடற்பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் ஆபரேஷனுக்குப் போனது நான்கில் ஒருவருக்கும் குறைவு. போனவர்களும் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் போனவர்கள். யார் போவார்கள் என்பதைக் கிழிசலின் அளவைவிட, பயிற்சியால் சரியாகும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறதா இல்லையா என்பதே அதிகம் தீர்மானித்ததாம். இந்த வரியை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். “நம்பிக்கை வந்தா வலி போயிருமோ?” என்று இளக்காரமாகக் கேட்டார்.

2021-இல் இங்கிலாந்தில் 708 பேரை வைத்துச் செய்த ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. ஃபிசியோவிடம் பல தடவை போய்ப் பயிற்சி செய்தவர்களுக்கும், ஒரே தடவை நன்றாகச் சொல்லிக் கொடுத்து வீட்டில் செய்தவர்களுக்கும் ஒரு வருஷத்தில் வித்தியாசம் இல்லை. பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி தினம் நாகர்கோவில் போக முடியாதவர்களுக்கு இதைவிட உபகாரமான ஆய்வு எது? அதே ஆய்வில் ஸ்டீராய்டு ஊசி ஆரம்பத்தில் வலியைக் கொஞ்சம் குறைத்தது, நீண்ட நாளில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சர்க்கரை உள்ளவர்கள் அந்த ஊசி போட்டால் சில நாள் ரத்தச் சர்க்கரை எகிறும்; எங்கள் லேபில் அந்தக் கணக்கை அடிக்கடி பார்க்கிறேன், டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

ஃபிசியோ ஒரு பெண். அவர் அண்ணனிடம் முதலில் கேட்டது, வீட்டில் கிணறு இருக்கிறதா என்று. மோட்டார் போட்ட பிறகு சும்மா கிடந்த கப்பியைக் கழற்றி, முற்றத்துப் பலா மரக் கிளையில் கட்டினோம். கயிற்றின் ஒரு முனை இடது கையில், மறுமுனை வலது கையில். இடது கை கீழே இழுக்க, வலது கை தன் பலம் இல்லாமல் மேலே போகும். பிறகு சுவரில் விரலை ஏற்றிக்கொண்டே போவது. நேற்று எட்டிய இடத்தில் மைனி கரிக்கட்டையால் கோடு போட்டு வைப்பாள். கொஞ்ச நாள் கழித்து ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து வெளிப்பக்கம் இழுப்பது. “இதுக்கும் ரப்பரா?” என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். வலித்தால் விட்டுவிட வேண்டுமா என்று கேட்டதற்கு ஃபிசியோ சொன்னது எனக்கு உபயோகமாகப் பட்டது: செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம், ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

மாதங்களுக்கு என்ன செய்தோம் என்றால், முழு விடை இல்லை. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் மாசி, பங்குனிப் பக்கம் எப்படியும் வெட்டு நிற்கும். பயிற்சியின் முதல் பகுதியை அதோடு சேர்த்துக்கொண்டோம். நர்சிங் பீஸை நான் ஒரு பருவம் பார்த்துக்கொண்டேன். லட்சத்துக்கு மேல் கேட்ட ஊசியோடு ஒப்பிட்டால் லாபம்தான். முதலாளியிடம் பேசி, மேல்வெட்டு மரங்களை வேறு ஒரு பையனுக்கு விட்டாயிற்று. அண்ணன் கீழ்வெட்டு மட்டும் வெட்டுகிறார். மரம் குறைந்ததால் கூலியும் குறைந்தது, அதில் அவருக்கு இன்னும் வருத்தம். கை தோள் உயரம் வரை வலியில்லாமல் வருகிறது. அதற்கு மேலே போகும், பலம் இல்லை. ராத்திரி தூங்குகிறார். திரும்ப ஒரு ஸ்கேன் எடுத்துக் கிழிசல் ஒட்டிவிட்டதா பார்க்கலாமா என்று கேட்டதற்கு டாக்டர், எதற்கு என்று கேட்டார்.

முன்பணம் கட்டிவிட்டுப் போன் பண்ணுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஊசியில் இருப்பது என்ன, எங்கிருந்து எடுத்தது, எத்தனை செல், சி.டி.ஆர்.ஐ. எண் என்ன என்பதை ரசீதோடு எழுத்தில் கேளுங்கள். அருமனைக்காரர் ஒருவர் விடாமல் கேட்டு வாங்கிவிட்டார். செல் எண்ணிக்கை இல்லை, பதிவு எண் இல்லை. சிகிச்சையின் பெயர் இருந்த இடத்தில் ‘பிளேட்லெட் ஊசி’ என்று பேனாவால் எழுதியிருந்தது, தொகை மட்டும் ஸ்டெம் செல்லுக்குச் சொன்ன தொகை. ஊசி இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ரசீதை வைத்துக்கொண்டு இப்போது பணத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.